காயம் தெரியாத பிள்ளைகளையும் பார்க்க வேண்டும்

ஒரு குழந்தைக்குச் சூடு வைத்தார்கள் என்றால் ஊர் கொதிக்கிறது. அக்கம்பக்கத்தார் கூடிக் கேட்கிறார்கள், காவல் நிலையத்துக்குத் தகவல் போகிறது, மறுநாள் நாளிதழில் செய்தி வருகிறது. கொதிக்கத்தான் வேண்டும். ஆனால் அதே தெருவில், யாரும் கைநீட்டி அடிக்காத வேறொரு குழந்தையும் இருக்கக்கூடும். காதில் சீழ் வடிந்து மாதக்கணக்கான பிறகும் அதை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக ஆள் இல்லை. எத்தனை மணிக்கு வீடு திரும்பினாலும் எங்கே போயிருந்தாய் என்று கேட்க ஆள் இல்லை. இன்னொரு வீட்டில் ஆறு வயதுச் சிறுமி ஒன்றரை வயதுத் தம்பியை இடுப்பில் சுமந்தபடி நாள் முழுவதும் வீட்டைக் காக்கிறாள். இவர்கள் செய்தியாவதில்லை. இன்ன நாளில் இன்னது நடந்தது என்று சொல்ல அந்த வீடுகளில் எதுவும் இல்லை. நடந்திருக்க வேண்டியவை நாள்தோறும் நடக்காமல் போகின்றன, அவ்வளவுதான். நம் சட்டமும் நிர்வாகமும் அக்கம்பக்கமும் சம்பவங்களைப் பிடிக்கப் பழகியவை. குடும்பத்துக்குள் நடக்கும் புறக்கணிப்பைப் பிடிக்க வேண்டுமானால் பல மாதங்களின் தொடர்ச்சியைப் பார்க்கும் ஏற்பாடு வேண்டும். பார்த்த பிறகு அந்த வீட்டுக்கு முதலில் போய்ச்சேர வேண்டியது உதவி. இவ்விரண்டும் இல்லாத குழந்தைப் பாதுகாப்பு பாதி வேலைதான்.

புறக்கணிப்பு என்று எதைச் சொல்கிறோம் என்பதில் முதலில் தெளிவு வேண்டும். உணவு, உடை, சுத்தம், மருத்துவம், படிப்பு, ஆபத்திலிருந்து காக்கும் கண்காணிப்பு, அன்பான பேச்சு ஆகியவை குழந்தையின் அடிப்படைத் தேவைகள். வளர்க்கும் பொறுப்பில் இருப்பவர்கள் இவற்றில் ஒன்றையோ பலவற்றையோ தொடர்ந்து கொடுக்கத் தவறி, அதனால் குழந்தையின் உடலோ மனமோ கெடும் நிலைதான் புறக்கணிப்பு. ஒரு நாள் சமைக்காமல் போவதும், ஒரு முறை தடுப்பூசித் தேதியை மறப்பதும் எந்த வீட்டிலும் நடக்கும். ‘தொடர்ந்து’ என்பதுதான் இங்கே அளவுகோல். அதோடு, இது ஏழை வீட்டுக்கு மட்டும் உரியதும் அல்ல. மூன்று வேளை உணவும் தனி அறையும் விலையுயர்ந்த பள்ளியும் கிடைத்த பிள்ளையிடம், வாரக்கணக்கில் பெற்றோர் யாரும் முகம் பார்த்துப் பேசாமல் இருக்கலாம். பணமுள்ள வீட்டில் அதை மறைக்கப் பணியாளும் கைப்பேசியும் டியூஷனும் இருக்கின்றன. இல்லாத வீட்டில் அது வெளியே தெரிந்துவிடுகிறது.

பேச்சும் முகம் பார்த்தலும் இல்லாமல் போவதெல்லாம் ஒரு பாதிப்பா என்று கேட்பவர்களுக்கு ஆய்வுகள் பதில் வைத்திருக்கின்றன. 1970களில் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் ஒரு சோதனை செய்தார். கைக்குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருக்கும் தாய் சில நிமிடங்களுக்கு மட்டும் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் உட்கார வேண்டும். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கைநீட்டிக் கூப்பிடும், சத்தம் போடும். ஒன்றும் பலிக்கவில்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சோர்ந்துபோகும். சில நிமிடங்களுக்கே இப்படி என்றால் சில ஆண்டுகளுக்கு என்ன ஆகும் என்பதை ருமேனியா காட்டியது. அந்நாட்டின் அரசு இல்லங்களில் உணவும் கூரையும் பெற்று, தனக்கென்று ஒருவர் இல்லாமல் வளர்ந்த 136 குழந்தைகளை, 2000ஆம் ஆண்டையொட்டி புக்கரெஸ்ட் நகரில் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா ஆகிய ஆய்வாளர்கள் ஆராயத் தொடங்கினர். பாதிப் பேர் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். குடும்பங்களுக்குப் போன பிள்ளைகள் அறிவு வளர்ச்சியிலும், ஒருவரோடு ஒட்டிக்கொள்ளும் திறனிலும், மூளையின் மின் செயல்பாட்டிலும் மற்றவர்களைவிட முன்னேறினார்கள். ஏறத்தாழ இரண்டு வயதுக்குள் போனவர்களே அதிகம் தேறினார்கள். இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. கவனிப்பில்லாமை குழந்தையின் மூளையிலேயே தடம் பதிக்கிறது என்பது ஒன்று. காலம் தாழ்த்திய உதவியும், குழந்தையைக் கொண்டுபோய் இல்லத்தில் சேர்ப்பதும் தீர்வாகாது என்பது மற்றொன்று.

நம் நாட்டில் இதன் அளவு என்ன? மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் விசாரித்து 2007இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. அதில் வந்த பாலியல் வன்முறை பற்றிய புள்ளிவிவரம் நாட்டை உலுக்கியது. 2012இல் போக்சோ சட்டம் வருவதற்கு வலுவான காரணங்களில் ஒன்றாகவும் அமைந்தது. அதே அறிக்கையில் இன்னொரு பகுதி அதிகம் பேசப்படாமல் போயிற்று. விசாரிக்கப்பட்ட சிறுமிகளில் 70.57 விழுக்காட்டினர் குடும்பத்தினரால் ஏதோ ஒரு வகையில் புறக்கணிக்கப்பட்டதாகச் சொன்னார்கள். 48.4 விழுக்காட்டினர் ஆணாகப் பிறந்திருக்கலாமே என்று விரும்பினார்கள். பாலியல் வன்முறை பற்றிய எண்ணுக்கு ஒரு சட்டம் பிறந்தது. புறக்கணிப்பு பற்றிய எண் அறிக்கையிலேயே தங்கிவிட்டது. அடியும் பாலியல் வன்முறையும் சிறுவர், சிறுமியர் இருபாலரிடமும் ஆராயப்பட்டன. புறக்கணிப்பு மட்டும் பெண் குழந்தைகளின் பிரச்சினையாகவே அதில் இடம்பெற்றது. ஆண் பிள்ளையும் கவனிப்பாரின்றிக் கிடக்கக்கூடும் என்ற எண்ணமே அளவெடுப்பில் முழுமையாக இடம்பெறவில்லை. அளக்காத ஒன்றுக்கு நிதியும் வராது, ஆளும் வராது. அமெரிக்காவில் ஆண்டுதோறும் வெளியாகும் அரசுப் புள்ளிவிவரத்தில், வன்கொடுமைக்கு ஆளானதாக உறுதிசெய்யப்படும் குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் புறக்கணிப்புக்கு ஆளானவர்கள். அங்கே அதுதான் முதல் இடத்தில் இருக்கிறது. இங்கே அதற்கென்று ஒரு கணக்கே இல்லை.

சட்டத்தில் இடமில்லை என்று சொல்ல முடியாது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், பராமரிக்க இயலாத அல்லது தகுதியற்ற பெற்றோரிடம் இருக்கும் குழந்தையை ‘பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை’ என்று வரையறுக்கிறது. வேண்டுமென்றே புறக்கணித்து, தேவையற்ற துன்பத்துக்கு ஆளாக்குவதை 75ஆவது பிரிவின் கீழ் குற்றமாகவும் ஆக்குகிறது. மாவட்டந்தோறும் குழந்தைகள் நலக் குழு இருக்கிறது, குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது, 1098 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. இவை அத்தனையும் யாராவது ஒருவர் புகாரோடு வரும்வரை காத்திருக்கின்றன. பாலியல் குற்றம் தெரியவந்தால் சொல்லியே ஆக வேண்டும் என்று போக்சோ சட்டம் கட்டாயப்படுத்துகிறது. பெற்றோரைப் பிரிந்து தனியே காணப்படும் குழந்தையைப் பற்றித் தகவல் தர வேண்டும் என்று சிறார் நீதிச் சட்டமும் சொல்கிறது. பெற்றோரோடு ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டே கவனிப்பின்றி வாடும் குழந்தையைப் பற்றி யார், எப்போது, யாரிடம் சொல்ல வேண்டும் என்பதில் அத்தகைய தெளிவு இல்லை.

ஆனால் அந்தக் குழந்தையைப் பார்ப்பவர்கள் பலர். அங்கன்வாடிப் பணியாளர் எடை போடுகிறார்; இரண்டு மூன்று மாதமாக எடை ஏறவில்லை என்பது அவருக்குத் தெரியும். கிராம சுகாதாரச் செவிலியருக்குத் தடுப்பூசி விட்டுப்போனது தெரியும். பள்ளி ஆசிரியருக்கு, திங்கட்கிழமைதோறும் பிள்ளை வராததும், வந்தாலும் வகுப்பில் தூங்கிவிழுவதும், துவைக்காத சீருடையும், தலை நிறையப் பேனும், பெற்றோர் கூட்டத்துக்கு யாரும் வராததும் தெரியும். சத்துணவு சமைப்பவருக்கு, ஒரு பிள்ளை முட்டையைப் பையில் ஒளித்து வைப்பது தெரியும். தனித்தனியாகப் பார்த்தால் இவை எல்லாமே சில்லறை விஷயங்கள், எதற்கும் ஒரு சமாதானம் சொல்லிவிடலாம். ஒரே குழந்தையைப் பற்றியவை என்று சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் வீட்டின் நிலைமை புரியும். நம்மிடம் சேர்த்துப் பார்க்கும் இடம் இல்லை. எடை போஷன் டிராக்கரில் ஏறுகிறது, தாய்சேய் விவரம் பிக்மி தளத்துக்குப் போகிறது, வருகைப்பதிவு எமிஸ் தளத்துக்குப் போகிறது. துறைக்கு ஒரு செயலி வைத்திருக்கிறோம், பிள்ளை ஒன்றுதான்.

சேர்த்துப் பார்க்காததன் விலை என்ன என்பதற்கு இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் 2012இல் நடந்ததைவிடக் கொடிய சான்று வேண்டாம். நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் தாயாலும் அவரது துணைவராலும் பட்டினி போடப்பட்டு, அடிக்கப்பட்டு இறந்தான். அவன் மற்ற பிள்ளைகளின் உணவை எடுத்துத் தின்பதையும் குப்பைத்தொட்டியில் கிடந்ததைப் பொறுக்கித் தின்பதையும் பள்ளியில் பார்த்திருந்தார்கள். உடலில் காயங்களையும் பார்த்திருந்தார்கள். அந்த வீட்டில் நடந்த குடும்ப வன்முறைக்காகக் காவல்துறை பல முறை வந்து போயிருந்தது. குழந்தை மருத்துவர் ஒருவரும் பரிசோதித்திருந்தார். அவன் கிடைத்ததையெல்லாம் தின்பதை உணவுக் கோளாறு என்று தாய் சொன்னார், நம்பிவிட்டார்கள். மறு ஆண்டு வெளியான மீளாய்வு அறிக்கை, ஒவ்வொரு துறையும் தன் கண்ணில் பட்டதைத் தனியே பார்த்ததையும், அந்தச் சிறுவனிடமே யாரும் உட்கார்ந்து வீட்டைப் பற்றிப் பேசியதாகப் பதிவு இல்லாததையும் சுட்டிக்காட்டியது. நம்மைவிடப் பல மடங்கு பணமும் சமூகப் பணியாளர்களும் உள்ள நாடு அது. தகவல்கள் இருந்தும் ஒன்றுசேரவில்லை, குழந்தையின் குரல் கேட்கப்படவில்லை. இந்த இரண்டு குறைகளையும் சரிசெய்யப் பணத்தைவிட ஒழுங்குதான் அதிகம் தேவை.

இங்கே வலுவான ஒரு மறுப்பு எழும். ‘கூலிக்குப் போனால்தான் அடுப்பெரியும் என்ற நிலையில் இருக்கும் தாயைப் புறக்கணிப்பவள் என்று முத்திரை குத்தப்போகிறீர்களா? வறுமையைக் குற்றமாக்குவது எந்த நியாயம்?’ இந்தக் கேள்வியில் முழு நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் ஏழைக் குடும்பங்களிலிருந்தும் கறுப்பினக் குடும்பங்களிலிருந்தும் பிள்ளைகள் அளவுக்கு மீறிப் பிரித்தெடுக்கப்படுகிறார்கள் என்று சட்ட அறிஞர் டோரத்தி ராபர்ட்ஸ் போன்றவர்கள் பல ஆண்டுகளாக எழுதிவருகிறார்கள். அந்தத் தவறை நாம் இறக்குமதி செய்யக் கூடாது. நமது சட்டம் இந்த ஆபத்தை ஓரளவு உணர்ந்தே எழுதப்பட்டிருக்கிறது. தம் கையை மீறிய சூழ்நிலையால் பெற்றோர் குழந்தையைக் கைவிட நேர்ந்தால் அதை வேண்டுமென்றே செய்ததாகக் கொள்ளக் கூடாது, தண்டனைப் பிரிவு அவர்களுக்குப் பொருந்தாது என்று 75ஆவது பிரிவே சொல்கிறது. ஆனால் வறுமையைக் காரணம் காட்டி குழந்தையின் நிலையைப் பார்க்காமல் விடுவதும் அந்த ஏழைத் தாய்க்குச் செய்யும் உதவி ஆகாது. பசித்த வயிற்றுக்கு, பசிக்குக் காரணம் அலட்சியமா இல்லாமையா என்ற வேறுபாடு தெரியாது. இரண்டையும் பிரித்தறிய நேர்மையான வழி ஒன்று உண்டு. முதலில் உதவியைக் கொடுங்கள். கொடுத்த பிறகு என்ன மாறுகிறது என்று பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் பிள்ளையின் நிலை உடனே மேம்படும். உதவி வந்தும் மாறாத சில வீடுகளில்தான் வேறு கேள்விகள் எழ வேண்டும்.

உதவி பலன் தரும் என்பது வெறும் நம்பிக்கை அல்ல. அமெரிக்க மாநிலங்களை ஒப்பிட்ட 2017ஆம் ஆண்டு ஆய்வொன்றில், குறைந்தபட்சக் கூலி மணிக்கு ஒரு டாலர் உயர்ந்தபோது குழந்தைப் புறக்கணிப்புப் புகார்கள் ஏறத்தாழ 10 விழுக்காடு குறைந்தது தெரியவந்தது. பெற்றோருக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை, கூலிதான் உயர்ந்தது. நமக்கு இன்னும் அருகில் வங்கதேசம் இருக்கிறது. அங்கே ஒன்று முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பலர் முற்பகல் நேரத்தில், தாய் வேலையில் இருக்கும்போது, வீட்டருகே உள்ள குளம் குட்டைகளில் மூழ்கி இறந்தார்கள். தாய்மார்களைக் குறைசொல்லும் பிரச்சாரத்தோடு நின்றிருந்தால் ஒரு பிள்ளையும் பிழைத்திருக்காது. கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, காலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ‘ஆஞ்சல்’ என்ற சிறு காப்பகங்களைத் திறந்தார்கள். அங்கே சேர்ந்த பிள்ளைகளிடையே நீரில் மூழ்கும் மரணம் 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்ததாக ஆய்வுகள் காட்டின. அந்த வீடுகளில் பாசத்துக்குக் குறைவில்லை. அந்தக் காலை நேரத்துக்கு ஒரு ஆள்தான் இல்லாமல் இருந்தது.

தமிழ்நாட்டில் இந்த அணுகுமுறைக்கான அடித்தளம் ஏற்கெனவே பலமாக இருக்கிறது. மதிய உணவும், 2022இல் தொடங்கி அடுத்த ஆண்டே அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த காலை உணவும், இலவசச் சீருடையும், புத்தகமும், ரேஷன் அரிசியும் வறுமையின் கூர்மையைக் கணிசமாக மழுக்கியிருக்கின்றன. இதனால் ஒரு புதிய தெளிவும் கிடைக்கிறது. இவ்வளவும் எட்டக்கூடிய இடத்தில் இருந்தும் ஒரு பிள்ளை மெலிந்துகொண்டே போகிறது, பள்ளிக்கு வருவதில்லை என்றால், அந்த வீட்டில் பணத்துக்கு அப்பாலும் ஏதோ ஒன்று உடைந்திருக்கிறது. அது தந்தையின் குடியாக இருக்கலாம். பிரசவத்துக்குப் பிறகு யாரும் கண்டுகொள்ளாத தாயின் மனச்சோர்வாக இருக்கலாம். பெற்றோர் வெளியூர்ச் சூளைக்கோ திருப்பூருக்கோ போய்விட, கண் தெரியாத பாட்டியிடம் மூன்று பிள்ளைகள் விடப்பட்டிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தேவைப்படும் உதவி வேறு. மிஷன் வாத்சல்யா திட்டத்தில், குழந்தை தன் குடும்பத்திலேயே வளர்வதற்காக மாதம் ₹4,000 நிதி ஆதரவு தரப்படுகிறது. அது பற்றிய விவரம் எத்தனை கிராமங்களுக்கு எட்டியிருக்கிறது என்று மாவட்ட நிர்வாகங்கள் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவருக்கும் அங்கன்வாடிப் பணியாளருக்கும் நேரடித் தொடர்பு வேண்டும். 2003 முதல் மதுச் சில்லறை விற்பனையைத் தானே நடத்தும் அரசு, குடிநோய்க்கான இலவச சிகிச்சையை வட்டம்தோறும் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறது. மதுவால் வரும் வருமானம் கருவூலத்துக்கு, அதன் சேதம் பிள்ளைக்கு என்பது அறமாகாது.

இன்னொரு மறுப்பு, ‘நம் ஊரில் உற்றார் உறவினர் இருக்கிறார்கள்; அத்தையும் சித்தியும் பெரியப்பாவும் பார்த்துக்கொள்வார்கள்; வீட்டு விஷயத்தில் அரசு மூக்கை நுழைக்க வேண்டாம்’ என்பது. உறவுகள் இருக்கும் இடத்தில் அவைதான் முதல் அரண், மறுப்பில்லை. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்க்கச் சொன்ன சமூகம் இது. ஆனால் பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போய், பக்கத்து வீட்டாரின் பெயர்கூடத் தெரியாமல் வாழும் குடும்பங்கள் பெருகிவிட்டன. அந்தப் பிள்ளைகளுக்கு அத்தை வீடு ஒரு நாள் பயணத் தொலைவில் இருக்கிறது. அருகிலேயே உறவு இருந்தாலும், சொத்துத் தகராறும் சாதி மீறிய திருமணமும் பேச்சுவார்த்தையை அறுத்துவிட்ட குடும்பங்கள் எத்தனையோ. உறவுகள் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி அரசு ஒதுங்கும்போது, உறவே இல்லாத பிள்ளைதான் முழுமையாகக் கைவிடப்படுகிறது. அரசு உறவின் இடத்தைப் பிடிக்க வேண்டியதில்லை. பேரனை வளர்க்கும் பாட்டிக்கு மாத உதவியும் மருத்துவமும் கொடுத்து, அந்த உறவைத் தாங்கிப் பிடித்தால் போதும்.

அங்கன்வாடிப் பணியாளர்களும் ஆசிரியர்களும் ஏற்கெனவே பதிவேடுகளிலும் செயலிகளிலும் மூழ்கிக் கிடக்கிறார்கள், இதையும் அவர்கள் தலையில் கட்டுவதா என்பது நியாயமான கேள்வி. புதிதாக ஒரு செயலி வந்தால் அது இன்னொரு சுமை மட்டுமே. குடும்பங்களின் அந்தரங்கத்தைக் கணினியில் கொட்டி எல்லாத் துறைக்கும் திறந்துவிடுவதும் ஆபத்து. தேவைப்படுவது எளிய ஒரு வழக்கம். ஊராட்சி அளவில் மாதத்துக்கு ஒரு மணி நேரம் அங்கன்வாடிப் பணியாளர், செவிலியர், தலைமையாசிரியர் மூவரும் உட்கார்ந்து, தங்களுக்குக் கவலை தரும் குழந்தைகளைப் பற்றி மட்டும் பேச வேண்டும். இதற்கென்றே கிராம அளவில் குழந்தைகள் பாதுகாப்புக் குழுக்கள் பெயரளவில் இருக்கின்றன. அவை கையெழுத்து வாங்கும் கூட்டங்களாக முடிந்துவிடக் கூடாது. அங்கே பேசப்படும் குழந்தையின் வீட்டுக்குப் போக, மாவட்டப் பாதுகாப்பு அலகில் போதிய சமூகப் பணியாளர்கள் வேண்டும். போகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘ஏன் பிள்ளையைக் கவனிக்கவில்லை?’ என்பதல்ல, ‘உங்களுக்கு என்ன கஷ்டம்?’ என்பது. அடுத்து, குழந்தையிடம் தனியே, அதற்குப் புரியும் மொழியில் பேச வேண்டும். கவென்ட்ரியில் நடக்காமல் போனது அதுதான். பிற மாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகள் நம் நகரங்களில் பெருகிவரும் நிலையில், புரியும் மொழி என்பது இங்கேயும் முக்கியமான நிபந்தனை.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு கண்டனம் வரும்: ‘உதவி, உதவி என்று போய்க்கொண்டே இருந்தால், உண்மையிலேயே பிள்ளையைச் சாகவிடும் பெற்றோரை என்ன செய்வீர்கள்?’ உயிருக்கு ஆபத்து இருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. குழந்தையை உடனே மீட்டு, 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தச் சட்டம் வழி செய்கிறது. பட்டினி போட்டு ரசிப்பவருக்கும், கைக்குழந்தையைப் பூட்டிவைத்துவிட்டு நாள்கணக்கில் போய்விடுபவருக்கும் தண்டனை வேண்டும். மற்ற வீடுகளிலும் உதவிக்கு ஒரு கால எல்லை இருக்க வேண்டும். மூன்று மாதம், ஆறு மாதம் என்று வைத்து, குழந்தையின் எடையும் வருகையும் முகமும் மாறியிருக்கிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும். மாறவில்லை என்றால் முதலில் நெருங்கிய உறவினரிடமும், அது இயலாதபோது வளர்ப்புக் குடும்பத்திடமும், எதுவுமே கிடைக்காதபோது மட்டும் இல்லத்திலும் சேர்க்கலாம். குடும்பத்துக்கே முதல் பொறுப்பு, இல்லம் கடைசி வழி என்று சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடுகளே சொல்கின்றன. கண்டிப்பும் கருணையும் இதில் ஒன்றுக்கொன்று பகையில்லை. கருணையோடு தொடங்கி, கணக்கு வைத்துத் தொடர்ந்தால்தான் கண்டிப்பு யார்மீது பாய வேண்டும் என்பது சரியாகத் தெரியும்.

ஆக, செய்ய வேண்டியவை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. புறக்கணிப்பை ஆண், பெண் இருபாலரிடமும் அளக்கும் ஆய்வை அரசு நடத்த வேண்டும். வேலைக்குப் போகும் தாய்மார் மிகுந்த ஊர்களில், அங்கன்வாடியின் நேரத்தை வேலை நேரத்தோடு ஒத்துப்போகும்படி நீட்ட வேண்டும். மூன்று துறைகளின் மாதக் கூட்டத்தை உயிரோடு நடத்தி, அதில் எழும் கவலைக்குப் பதில் சொல்லும் பொறுப்பை ஒரு அலுவலரிடம் பெயர் குறித்து ஒப்படைக்க வேண்டும். நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. தெருவில் ஒரு பிள்ளை தொடர்ந்து அழுக்காக, பசியோடு, நேரம் காலம் இல்லாமல் சுற்றுவதைப் பார்த்தால், ‘என்ன வளர்ப்போ’ என்று முணுமுணுத்துவிட்டுக் கடந்துபோவது அந்தப் பிள்ளைக்கு இழைக்கப்படும் இரண்டாவது புறக்கணிப்பு. அந்தத் தாயிடம் ஒரு வார்த்தை பேசலாம், அங்கன்வாடிப் பணியாளரிடம் சொல்லலாம், அதுவும் போதாதபோது 1098ஐ அழைக்கலாம். அழைப்பவர் அந்தக் குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த வீட்டுக்கு வர வேண்டிய உதவிக்கு வழி சொல்கிறார். அந்த நம்பிக்கை பொய்க்காத அளவுக்கு உதவியை ஆயத்தமாக வைத்திருப்பது அரசின் கடமை. வைத்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பது நம் கடமை.